பொம்மைப் படத்துக்கு வருஷம் கேட்டார்கள்

படம் காட்டுகிற வேலையில் படம் காட்டுவதுதான் கடைசி வேலை. அதற்கு முன்னால் கம்பு நட வேண்டும். திரை கட்ட வேண்டும். ஜெனரேட்டரோடு மல்லுக்கட்ட வேண்டும். திரைக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிற கூட்டத்தை முன்பக்கம் கொண்டுவர வேண்டும். எல்லாம் முடித்து விளக்கைப் போட்டால், "பாட்டு உண்டா?" என்று ஒருவன் கேட்பான். கிடையாது. அரசாங்கப் படத்தில் ஏது பாட்டு?

எழுபதுகளில் தூத்துக்குடியில் அரசாங்க விளம்பர வண்டியில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். முதல் நான்கு வருஷம் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீட்டிப்பு உத்தரவு வர வேண்டும். அது வருகிற வரைக்கும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். தற்காலிகமாக வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

கடலுக்குப் போன தாள்

மெட்ராஸிலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. உள்ளே ஒரு பொம்மைப் படம். முத்துக்குளிப்பைப் பற்றியது, பம்பாயில் வரைந்தது, இருபது நிமிஷம் ஓடும். பேச்சு இல்லை, வெறும் வாத்தியம்தான். மூழ்கிச் சிப்பி எடுக்கிற ஒரு குளியாள், ஒரு தோணி, ஒரு சுறா, கடைசியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முத்து. மனுஷர்கள் எல்லோருக்கும் கோழிமுட்டைக் கண். பெட்டியில் டைப் அடித்த தாள் ஒன்றும் இருந்தது. படம் ஓடும்போது ஆபரேட்டர் மைக்கில் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் போட்டிருக்கும்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிற வழியில், பழைய துறைமுகப் பாலத்தில் வண்டியை நிறுத்தித் தாளைப் பிரித்தேன். காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தலைப்பைக்கூட நான் படிக்கவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரில் மிதந்தது, பிறகு அதுவும் இல்லை. பெட்டியில் தாளே இல்லை என்று ஆபீஸில் சொல்லிவிடுவதாக அங்கேயே முடிவு செய்தேன். டிரைவர் தங்கராசு குத்தவைத்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கக்கூட இல்லை.

"தாளுதான போச்சு அண்ணாச்சி? படம் போயிருந்தா நாம ரெண்டு பேரும்லா பின்னாலயே குதிச்சிருக்கணும்."

கீழவைப்பாரில் கல் கழுவினார்கள்

முதல் காட்சி கீழவைப்பாரில். வாய்க்கு வந்ததைப் பேசினேன். இதோ தோணி புறப்படுகிறது, இதோ குளியாள் கல்லைக் காலில் கோத்து இறங்குகிறான், இதோ சிப்பி. கதை எப்போது நடக்கிறது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. சுறா வருவதற்கு முன்னாலேயே ஜெனரேட்டர் நின்றுவிட்டது. பாதிப் படத்தோடு மூட்டை கட்டினோம்.

ஒன்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முத்துக்குளிப்பை அந்தக் கரையில் சலாபம் என்பார்கள். அவனவன் நினைத்தபோது இறங்க முடியாது. கடலடியில் சிப்பி படிகிற பாரைச் சோதித்துப் பார்த்து அரசாங்கம் அறிவிக்க வேண்டும். கடைசிச் சலாபம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்புறம் அறிவிப்பே கிடையாது. அந்த ஊரில் போய், அரசாங்க வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, முத்துக்குளிக்கிற படத்தைக் காட்டியிருக்கிறேன்.

மூன்று நாள் கழித்து வேம்பாருக்குப் போகிற வழியில் கீழவைப்பாரில் பார்த்தால், வீட்டுக்கு வீடு முத்துக்குளிக்கிற கல்லை வெளியே எடுத்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். சூசை என்று ஒருத்தர். முன்னாளில் பேர்போன குளியாள், அப்போது ஹார்பரில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனையைப் பிடித்தவர் அவர் மனைவியின் அண்ணன். முகத்தில் சந்தோஷம் இல்லை. வண்டியை நிறுத்தி, "யாருவே சொன்னா, சலாபம் வருதுன்னு?" என்றேன். சூசை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சர்க்காரு வண்டியில, சர்க்காரு மைக்குல, நீருதான சொன்னீரு. இல்லைன்னா அதையும் நீருதான் வந்து சொல்லணும்."

அதிகாரி கேட்ட ஒரு வரி

மறுநாள் கரையிலிருந்து எட்டுப் பேர் ஆபீஸுக்கே வந்து, சலாபத்துக்குத் தேதி கேட்டார்கள். எங்கள் அதிகாரிக்கு ஆற்றங்கரை ஊர். நெல்லைத் தவிர எதன் மீதும் நம்பிக்கை கிடையாது. மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போனால் ஆளே மாறிவிடுவார். அன்றைக்குத் தள்ளிப்போய்விட்டது.

அவர்களை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். இது எந்தக் காலத்துக் கதை என்றார். தெரியவில்லை என்றேன். தாள் எங்கே என்றார். பெட்டியில் இல்லை என்றேன். பன்னிரண்டு நாளில் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், இதே படத்தைக் கீழவைப்பாரிலேயே பார்ப்பார் என்றார். படத்தை அனுப்பியவரும் அவர்தான், தாளை எழுதியவரும் அவர்தான். என் நீட்டிப்பும் அதற்கு மறு வாரம் வர வேண்டும். அதிகாரி இலையில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்.

"பழைய கதைன்னா பழசு, இப்பத்திக் கதைன்னா இப்பம், மைக்கப் பிடிச்சு ஒரே ஒரு வரி சொல்லணும். அதைக் கண்டுபிடிக்க முடியலைன்னா உம்ம நீட்டிப்புக்கு நான் எழுத மாட்டேன்வே."

விளாத்திகுளத்தில் மாட்டைப் பார்த்தார்கள்

பிலிமை மேஜையில் சுற்றிவைத்து லென்ஸால் பார்த்தேன். போட்டோப் படமாக இருந்தால் கவலையே இல்லை. மூலையில் ஒரு பஸ் போகும், சுவரில் ஒரு போஸ்டர் இருக்கும், காலம் தானாகத் தெரிந்துவிடும். பொம்மைப் படத்தில் தானாக எதுவும் வராது. ஒரு காகம் பறந்தால்கூட யாரோ உட்கார்ந்து வரைந்த காகம். வரைந்தவனுக்குத் தெரிந்து வரைந்தானா, தெரியாமல் வரைந்தானா? லென்ஸ் அதைச் சொல்லாது. சரி, ஜனத்தைக் கேட்போம் என்று கிளம்பினேன். போகிற ஊரில் எல்லாம் அதே படத்தைப் போட்டேன்.

விளாத்திகுளத்துக்காரர்களுக்குக் கடல் பெரிய விஷயம் இல்லை. சுறா வந்தபோது ஒருத்தர் கொட்டாவி விட்டார். சிப்பி ஏற்றின மாட்டு வண்டி கரையில் போகிற இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "டயர் வண்டி!" என்று ஒரு சம்சாரி, அதாவது விவசாயி, கத்தினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. கட்டை வண்டி போய் டயர் வண்டி வந்தது இப்போதுதானே? அப்படியானால் இது இந்தக் காலத்துக் கதை. நோட்டில் குறித்துக்கொண்டேன். சம்சாரி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்தவர் முகம் மாறியிருந்தது.

"எழுதாதேயும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறே இல்ல. மாடு வளர்க்கத் தெரியாத பய போட்ட டயரை நம்பி நீரு என்னத்த எழுதுதீரு?"

சாமியாரின் முதுகு

படத்தில் தோணிகளை மந்திரித்து ஆசீர்வதிக்கிற இடம் உண்டு. மாதா கோயில் சாமியார் ஒருத்தர் கரையில் நிற்பார். நமக்கு முகம் தெரியாது, முதுகுதான். இதைத் தங்கராசுதான் பார்த்துச் சொன்னான். முன்னெல்லாம் கோயிலில் சாமியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டித்தான் பூசை வைப்பார், பிறகுதான் இந்தப் பக்கம் திருப்பினார்கள், அதனால் இது பழைய கதை என்றான். அவனுக்கும் கோயிலுக்கும் சம்பந்தம் கிடையாது. சவாரி போகிற இடத்தில் வெளியே நின்று பார்த்த ஞானம்.

ஆனால் நியாயமாகப் பட்டது. ஒரு பங்குச் சாமியாரிடம் போனேன். நல்ல மனுஷர். மத்தியானமே பள்ளிக்கூட ஹாலில் ஜன்னலை அடைத்து, படத்தைப் போடச் சொன்னார். அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டச் சொன்னார். கோயில்பிள்ளை, அதுதான் கோயில் வேலைகளைக் கவனிக்கிறவர், அவரும் பக்கத்தில் நின்று பார்த்தார். முதுகு, பழைய முறைதான் என்றார் கோயில்பிள்ளை. நான் பேனாவைத் திறந்தேன். சாமியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மந்திரிக்கும்போது அந்தக் காலத்துலயும் தோணியப் பார்த்துதான் நிப்போம், இந்தக் காலத்துலயும் தோணியப் பார்த்துதான் நிப்போம். தோணிக்கு முதுகைக் காட்டினா தோணிக்காரன் விடுவானாப்பா?"

ஒரே நாளில் ஆறின காது

ஓட்டப்பிடாரத்தில் முன்வரிசையில் ஒரு அம்மாள். கருப்பட்டிக் கடை வைத்திருந்தவர். காதில் பாம்படம் தோள் வரைக்கும் தொங்கியது. படம் முழுக்கக் காதையே பார்த்திருக்கிறார். முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். குளியாளின் பெண்டாட்டி காலையில் கஞ்சி கொண்டுவரும்போது பாம்படம் போட்டிருக்கிறாள், சாயங்காலம் முத்தைக் கையில் வாங்கும்போது குட்டைக் காதில் சின்னத் தோடு போட்டிருக்கிறாள் என்றார். நான் நம்பவில்லை. லென்ஸை எடுத்துப் பார்த்தேன். வாஸ்தவம்.

பாம்படம் என்றால் பழைய காலம். தொங்கின காதை அறுத்துத் தைத்துத் தோடு போட ஆரம்பித்தது பிற்காலம். காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் பம்பாய்க்காரன் இருபது வருஷத்தைத் தாண்டியிருக்கிறான். ஆக, பழையதா புதியதா என்று அந்த அம்மாளிடமே கேட்டேன். அவர் பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினார்.

"காத அறுத்துத் தச்சுட்டு வா, தச்சுட்டு வான்னு இவ என் உசுர வாங்குதா. ஒரே நாள்ல ஆறுத ஆஸ்பத்திரி எந்த ஊர்ல இருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லும், நாளைக்கே போறேன்."

கொடி இல்லாத கப்பல்

ஹார்பரில் ஒரு குமாஸ்தா எனக்குத் தெரிந்தவர். கப்பலைப் பார்த்தால் வருஷம் சொல்வார் என்று பேர். படத்தில் தூரத்தில் ஒரு கப்பல் புகை விட்டுக்கொண்டு போகும். அந்த இடத்தை, பிலிமில் நாலு கட்டம் அளவுக்கு, லென்ஸில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். டீ இரண்டு வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். மறுபடி பார்த்தார். வருகிற சனிக்கிழமை மெட்ராஸ் அதிகாரி வருகிறார், என் பிழைப்பே போகப்போகிறது ஐயா, சீக்கிரம் சொல்லும் என்றேன்.

"கொடி இல்லை, பேர் இல்லை, நங்கூரமும் இல்லை. இதை நான் உள்ளேயே விட மாட்டேன், அப்புறம் எங்க வருஷம் சொல்றது?"

யார் கையில் கயிறு

சனிக்கிழமை வந்துவிட்டது. என் நோட்டில் பழையது என்பதற்கு நாலு சாட்சி, புதியது என்பதற்கு நாலு சாட்சி, எதையும் நம்பாதே என்பதற்கு எட்டுச் சாட்சி.

கீழவைப்பாரில் பொழுது சாயும்போதே கூட்டம் கூடிவிட்டது. மெட்ராஸ் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனுஷர், மடியில் ஒரு ஃபைல். பக்கத்தில் எங்கள் அதிகாரி என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் சூசை. பதினைந்து நாளாக ஹார்பருக்குப் போகவில்லை, இன்னும் ஒரு வாரம் போகாவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள் என்று அவர் மனைவி வண்டிக்கே வந்து தங்கராசுவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன், அதே புளித்த முகத்தோடு.

பழைய கதை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். எட்டுப் பேர் வந்து ஆதாரம் கேட்டால்? மெட்ராஸ்காரர் ஃபைலைத் திறந்து, நான் அப்படி எழுதவில்லையே என்றால்? மைக்கை எடுத்தேன். அதிகாரிகள் இருவரையும் பார்க்கவில்லை. சூசையைத்தான் பார்த்தேன். "இது எந்தக் காலத்துக் கதைன்னு எனக்குத் தெரியாது. தாள் ஒண்ணு வந்தது, நான்தான் தொலைச்சேன். உங்களுக்குத் தெரிஞ்ச தொழில். பார்த்து நீங்களே சொல்லுங்க" என்றேன். எங்கள் அதிகாரி ஒரு தடவை இருமினார். விளக்கை அணைத்தேன்.

அன்றைக்கு ஜெனரேட்டர் நிற்கவில்லை. முதல் தடவை அந்த ஊர் பார்க்காத பாதியும் ஓடியது. சுறா வந்தது. கீழே குளியாள் கயிற்றை இழுக்கிறான். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன் யார் என்று காட்ட, பழைய நினைப்பு மாதிரி ஒரு காட்சி. ஒரே தாய் இரண்டு பையன்களுக்குச் சோறு ஊட்டுகிறாள். ஒருத்தன் கீழே இருப்பவன், ஒருத்தன் மேலே இருப்பவன். அண்ணன் தம்பி. அவ்வளவுதான். கூட்டத்தில் ஒரு இரைச்சல். பெண்கள் பக்கம்தான் முதலில் கிளம்பியது. "ஏளா, கூடப்பிறந்தவன் கையிலயா கயிறு?" சூசை எழுந்து நின்றார். அவர் தலை திரையில் சுறாவுக்கு நடுவில் தெரிந்தது.

"நிறுத்தும்வே!" என்றார். நிறுத்தினேன். மெட்ராஸ் அதிகாரி பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் சொன்னார். "ஐயா, குளிக்கிறவன் உசுரு கயித்துல இருக்கு. அதை மச்சான்தான் பிடிப்பான், பெண்டாட்டி கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலி போயிரும்னு அவன் கண்ண மூட மாட்டான். தம்பி பிடிக்க மாட்டான், நாங்க கொடுக்கவும் மாட்டோம். அண்ணன் செத்தா வீடும் தோணியும் தம்பிக்குல்லா? எங்க பாட்டன் காலத்துல இப்படி நடந்ததில்ல. இப்பமும் நடக்காது. இனிமேலும் நடக்காது. இது ஒரு காலத்துக் கதையும் இல்ல." பிறகு மெதுவாக, "அப்பம் சலாபமும் இல்ல" என்று சொல்லி உட்கார்ந்தார். திங்கட்கிழமை ஹார்பருக்குப் போவதாக மனைவி பக்கம் பார்த்துச் சொன்னார்.

எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். என்னுடையதைவிடப் பெரிய கல் இன்னொருத்தருக்கு இறங்கியிருக்கிறது. சூசைக்குப் பக்கத்தில் இருந்த மச்சான் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். பதினைந்து நாளாகக் கயிறு இழுத்துக் கை காய்த்துப்போயிருந்தது.

"நல்லாருப்பீரு, ஆபரேட்டர் ஐயா! எனக்கு இடுப்பு பிடிச்சு மூணு வருஷம் ஆச்சு. மாட்டேன்னு சொன்னா தங்கச்சி மேல பாசம் இல்லன்னு ஊரு பேசும்னு வாய மூடிக்கிட்டுக் கிடந்தேன்."

ஃபைலில் இருந்த நகல்

மீதிப் படத்தையும் பார்த்தார்கள். சும்மா இல்லை. கல்லின் அளவு தப்பு, தோணியில் ஆள் குறைச்சல், சிப்பியை இப்படியா திறப்பார்கள் என்று ஒவ்வொரு இடத்துக்கும் கத்திக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தர்கூடப் பாதியில் எழுந்து போகவில்லை. அந்த வண்டியில் நான் போட்ட படங்களில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

கம்பைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது மெட்ராஸ் அதிகாரி வந்தார். எங்கள் அதிகாரி பின்னாலேயே. நான் தொலைத்த தாளைப் பற்றிக் கேட்பார், பொய் சொன்னதற்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்வோம் என்று நிமிர்ந்து நின்றேன். அவர் ஃபைலைத் திறந்து அந்தத் தாளின் நகலை எடுத்து என் கையில் கொடுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கதைச் சுருக்கம், தோணி, சுறா, முத்து எல்லாம் இருந்தது. 'கதை நிகழும் காலம்' என்று போட்ட இடத்தில் ஒரு நீளக் கோடு. வேறு எதுவும் இல்லை. நான் கோட்டைப் பார்த்தேன். எங்கள் அதிகாரி எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு நாள் நான் ஓடின ஓட்டத்தை அவர் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. மறு வாரம் என் நீட்டிப்புக்கு எழுதினார். அடுத்த வருஷம் 'தற்காலிகம்' என்ற சொல்லையும் அடித்துவிட்டார்கள், அதற்கு மெட்ராஸ்காரர் எழுதின குறிப்பும் ஒரு காரணம் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு அவர் நகலைத் திருப்பி வாங்கி, ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்.

"பம்பாய்க்கு மூணு தடவை லெட்டர் போட்டுக் கேட்டேன் சார், பதிலே இல்லை. இங்க யாராவது சொல்லுவாங்கன்னுதான் ரயிலேறி வந்தேன்."

ஆக, நான் இருபத்தைந்து வருஷம் நிரந்தரமாகச் சம்பளம் வாங்கியது, எந்தக் காலத்திலும் நடக்காத ஒரு கதையின் புண்ணியத்தில்.